பன்னிரண்டாவது குழு

அகதி முகாமில் அவளுக்குத் தார்ப்பாய் அக்கா என்று பெயர். தொண்டு நிறுவனத்தில் சேர்ந்த நாளிலிருந்து, "தார்ப்பாய் வந்துரும், வந்துரும்" என்று வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்ததற்குக் கிடைத்த பட்டம் அது. நாற்பது வீட்டுக் கூரையும் சல்லடையாகக் கிடந்தது. மழைக்கு இன்னும் மூன்று வாரம். உதவி கொடுக்கிறவர்கள் சார்பில் இன்றைக்குப் பார்வையிட வருகிற குழு மனது வைத்தால்தான் உண்டு.

மனது வைக்கச் செய்வது எப்படி என்று அக்காவுக்குத் தெரியும். வருகிறவர்களை நேரே பதினாலாம் நம்பர் வீட்டுத் தையல்காரியிடம் கூட்டிப்போவாள். ஊரை விட்டு ஓடிவரும்போது ஆற்றில் மகனைப் பறிகொடுத்தவள் அவள். முகாமில் யாரையும் பறிகொடுக்காதவர் யார்? ஆனால் தையல்காரி சொன்னால் கல்லும் கரையும். இதுவரை பதினொரு குழு கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போயிருக்கிறது. பாத்திரம் வந்தது, போர்வை வந்தது. கூரை ஒழுகுகிறது என்றதற்கு ஒரு தடவை பெட்டி நிறையக் குடை வந்தது.

இந்தத் தடவை பார்த்துத் தையல்காரிக்குக் காய்ச்சல், தொண்டையும் கட்டிவிட்டது. தகரத் தடுப்புக்குப் பின்னால் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள்.

"நாலு வார்த்தை பேசினாப் போதும்மா. நாப்பது வீடும் உங்களத்தான் நம்பிக் கெடக்கு" என்றாள் அக்கா. சொல்லும்போதே வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டால் கூரை வருமா?

தையல்காரி தொண்டையைத் தொட்டுக் காட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அதற்குள் குழுவில் வந்த நான்கு பேரும் ஷூவைக் கழற்றிவிட்டு வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். தலைவரான கண்ணாடிக்காரர் நோட்டைத் திறந்தார். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"நான் சொல்றேன்" என்று முன்னால் வந்து சம்மணமிட்டாள் வாலு. தையல்காரியின் மகள். ஆறு வயது, முகாமில் பிறந்தவள். எந்தக் குழு வந்தாலும் அம்மாவின் மடியில் உட்கார்ந்திருப்பாள்.

"சொல்லட்டுமே" என்று சிரித்தார் கண்ணாடிக்காரர். அக்காவும் தடுக்கவில்லை.

வாலு சொன்னாள். அம்மா நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினாள், அம்மா மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கினாள். குழுவில் ஒரு பெண் கைக்குட்டையை எடுத்தாள். அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"தண்ணி கழுத்து வரைக்கும் வந்துருச்சு. அண்ணன் என் கையைப் புடிச்சிருந்தான். நான்தான் கையை விட்டுட்டேன்" என்றாள் வாலு. சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தாள். அழுவதுபோல நடிக்கவில்லை, நிஜமாகவே அழுதாள்.

இந்த இடத்தில் தலையைக் குனிந்துகொள்வது அக்காவின் வழக்கம். இன்றைக்கும் குனிந்தாள். குனிந்த பிறகுதான் சுருக்கென்றது. பதினொரு தடவையும் இந்தப் பிள்ளையை உட்காரவைத்துக் கேட்கவிட்டது யார்? அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

"போதும் சார். எல்லாரும் எந்திரிங்க."

"குழந்தை இன்னும் முடிக்கலையேம்மா."

"வெளிய வந்து கூரையைப் பாருங்க. அதப் பாத்துட்டுக் குடுக்கத் தோணுச்சுன்னா குடுங்க. இனிமே இந்த வீட்டுக்கு யாரையும் நான் கூட்டிட்டு வரமாட்டேன்."

கண்ணாடிக்காரர் முகம் சுருங்கிப்போனது. தார்ப்பாய்க்கும் இத்தோடு தலைமுழுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

அவர்கள் வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது, தையல்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து மகளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"நீ விடலடி. நீ அப்பப் பொறக்கவே இல்ல." குரல் வெறும் காற்றாகத்தான் வந்தது.

"அப்ப நீயாம்மா விட்ட?"

பதினொரு குழுவிடமும் நான்தான் விட்டேன் என்று சொன்னவள்தான். மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் விடலடி. தண்ணி இழுத்துக்கிட்டுப் போயிருச்சு" என்றாள்.