தி என்றால் திங்கள்

மருந்துக்கடை அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவே சொல்லும். "எப்போ போடுவீங்க? சாப்பிட்டா, சாப்பிடாமலா? வேற என்ன மாத்திரை ஓடுது?" என்று நாலு கேள்வி கேட்காமல் மருந்துப் பையைக் கையை விட்டு விடமாட்டார். கடைக்காரி கேள்வி கேட்டால் திமிர், டாக்டர் கேட்டால் அக்கறை. இந்த நியாயம் பிடிக்காமல்தான், மருந்தாளுநர்களையும் ஓர் ஆளாக மதியுங்கள் என்று சுகாதாரத் துறைக்கு ஐந்து வருடம் மனு மேல் மனுவாக எழுதினார்.

ஒருவழியாகத் திட்டம் வந்தது. நாள்பட்ட நோய்க்காரர்கள் இனி மருத்துவமனை வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டாம், பக்கத்து மருந்துக்கடையிலேயே மாதாமாதம் வாங்கிக்கொள்ளலாம். "நீங்கள் வெறும் கடைக்காரர்கள் அல்ல, மருத்துவக் குழுவின் ஓர் அங்கம்" என்று தொடக்கக் கூட்டத்தில் கைதட்டல் வேறு. எந்த அங்கம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. கடைக்குக் கணினி வந்த பிறகுதான் தெரிந்தது, விரல். திரையில் நோயாளியின் பெயரும் மருந்தும் வரும். 'கொடு' என்று ஒரு பொத்தான், 'மறு' என்று ஒரு பொத்தான். மறுத்தால் காரணம் கேட்கும். இருப்பு இல்லை, தேதி முடிந்தது, ஆள் வரவில்லை. மூன்றே காரணம்தான். மருந்தே தப்பாக இருக்கலாம் என்று எந்தப் புண்ணியவானுக்கும் தோன்றவில்லை.

பத்தாம் நாள் காலையில் தையல்கார அக்கா வந்தார். விரல் கணுக்களெல்லாம் வீங்கியிருந்தன. திரையில் வந்தது: மூட்டு வாத மாத்திரை, தினம் ஒன்று, இருபத்தெட்டு.

அம்மாவின் விரல் அந்தரத்தில் நின்றது. அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போட வேண்டிய மாத்திரை. தினம் போட்டால் மூட்டு வலி போகும், ஆளும் சேர்ந்து போய்விடுவார்.

"அக்கா, இதை எப்படிப் போடுறீங்க?"

"திங்கக்கிழமை திங்கக்கிழமை ஒண்ணு. ஏம்மா, மாத்திட்டாங்களா?"

"பழைய அட்டை இருக்கா?"

அக்கா பையைத் துழாவி மருத்துவமனை அட்டையை எடுத்தார். அதில் 'தி-1' என்று இருந்தது. வார மாத்திரைக்கு நாளின் முதல் எழுத்தைப் போடுவது அந்த மருத்துவமனையின் பழைய வழக்கம். அங்கே எல்லோருக்கும் 'தி' என்றால் திங்கள். அட்டைகளைக் கணினியில் ஏற்றியவர்களுக்கு அது தினம். இந்த ஓர் அட்டையில் மட்டுமா 'தி' போட்டிருப்பார்கள்?

அட்டையைப் பார்த்து நாலே நாலு மாத்திரை கொடுத்து அக்காவை அனுப்பிவிட்டு, திரையில் 'மறு' பொத்தானை அழுத்தி, மூன்று காரணத்தில் எதையும் தொடாமல், திட்டக் கண்காணிப்பாளருக்குப் போன் போட்டார்.

"திரையில இருக்கிறதைக் குடுங்கம்மா. டாக்டர் எழுதினதை மாத்த நீங்க யாரு?"

"டாக்டர் எழுதினதைத்தான் சார் நான் சொல்றேன். மாத்தினது உங்க கணினி."

"எழுதி அனுப்புங்க. பதினஞ்சு நாள்ல பதில் வரும்."

"பதில் வரும் சார். வாங்கிக்க ஆள் இருக்கணுமே!"

போனை வைத்த கையோடு திட்டத்தில் இருந்த மற்ற மருந்துக்கடைகளைக் கூப்பிட ஆரம்பித்தார். முதலில் கொழுந்தனின் கடை. ஒரு கல்யாணத்தில் யாரை முதலில் அழைப்பது என்று தொடங்கிய சண்டை, இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"அண்ணியா?" என்றான் அவன், நம்பாமல்.

"சண்டையை அப்புறம் வச்சுக்கலாம் தம்பி. மூட்டு வாத மாத்திரை தினம் ஒண்ணுன்னு யாருக்காவது குடுத்தியா?"

எதிர்முனையில் விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "பஸ் ஓட்டுவாரே, அவருக்கு. ஆறு நாள் ஆச்சு அண்ணி" என்றான்.

"கடையைச் சாத்திட்டு ஓடு!"

ஓடினான். ஓட்டுநர் வாயெல்லாம் புண்ணாகி, தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்தார். கொழுந்தனே அவரைத் தூக்கிக்கொண்டு போய் மருத்துவமனையில் சேர்த்தான். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் கஷ்டம் என்றார்கள். சாயங்காலத்துக்குள் மீதிப் பத்துக் கடைக்காரர்களும் அந்த மாத்திரைக்கு 'கொடு' பொத்தானைத் தொடுவதில்லை என்றும், மறுத்த காரணத்தைத் தாளில் எழுதி வைப்பதென்றும் சொல்லிவிட்டார்கள்.

நாலாம் நாள் கண்காணிப்பாளர் நேரிலேயே வந்தார். ஒரு தாளை நீட்டினார். குரலில் தேன் வழிந்தது.

"அன்னைக்கு மாத்திரை இருப்பு இல்லைன்னு இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. உங்க கடை திட்டத்துல இருக்கும்."

"ஓட்டுநருக்கு நடந்தது?"

"அது உங்க கொழுந்தனாரோட கவனக்குறைவு. ஒரு கடையோட முடிஞ்சிடும்."

அம்மாவுக்குப் புரிந்தது. இருப்பு இல்லாமல்தான் கொடுக்கவில்லை என்றால், தப்பை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று ஆகிவிடும். கண்டுபிடிக்காத தப்பு கணினியில் எப்படி இருக்கும்? எல்லாம் கொழுந்தன் தலையில் விடியும்.

"போடலைன்னா?"

"திட்டத்துக்கு இடைஞ்சல்னு உங்க கடையை எடுத்துடுவாங்க. யோசிச்சுக்கோங்க."

பயமாகத்தான் இருந்தது. ஐந்து வருட மனுவும் ஒரே தாளில் போய்விடும். ஆனால் பயத்தை மிஞ்சிக்கொண்டு ஆத்திரம் வந்தது. பேனாவை எடுத்தார். கண்காணிப்பாளர் நிம்மதியாக மூச்சுவிட்டார். அம்மா 'இருப்பு இல்லை' என்பதைக் கோடு போட்டு அடித்தார். கீழே கொட்டை எழுத்தில் எழுதினார்: 'மருந்து இருந்தது. கணினி சொன்னபடி கொடுத்தால் ஆள் செத்துவிடுவார் என்று தெரிந்ததால் மறுத்தேன்.' கையெழுத்துப் போட்டு, பதிவு எண் எழுதி, கடை முத்திரையையும் ஓங்கிக் குத்தினார்.

"இதை நான் எப்படிம்மா மேல குடுக்கிறது?"

"அப்படியே குடுங்க. இன்னும் பத்துக் கடையில இதேதான் எழுதி வச்சிருக்காங்க, போற வழியில வாங்கிக்கோங்க. கடைசியா என் கொழுந்தன் கடைக்கும் போங்க. 'கேள்வி கேக்காம குடுத்துட்டேன், தப்பு என்னோடது'ன்னு அவனும் எழுதி வச்சிருக்கான். அவன் தப்பை அவன் எழுதிட்டான் சார். உங்க தப்பை எழுத உங்க ஆபீஸ்ல யாருக்குக் கை வருதுன்னு பாக்கத்தான் நாங்க உக்காந்திருக்கோம்."