ஏழாம் லயத்துக் கப்பல் பைலட்

எஹலியகொடைக்கு மேலே, ஜீவராணி கொழுந்து பறிக்கும் தேயிலைத் தோட்டத்தில், மூடுபனி கூரை மட்டத்துக்கு ஏறும் நாட்களில் அதன்மேல் மிதந்து கப்பல் வரும். மாதத்துக்கு இரண்டு, நல்ல மழை வருடமென்றால் மூன்று. ரம்புக்கனையில் ரயில் மலையேறுவதை யாரும் வேடிக்கை பார்ப்பதில்லை, இதையும் அப்படியே விட்டுவிட்டார்கள். ஆனால் ஃபெக்டரி புகைபோக்கிக்கும் மாரியம்மன் கோயிலுக்கும் நடுவிலுள்ள வழி கப்பலைவிட இரண்டு முழம்தான் அகலம். எந்தப் பாறை எங்கே நிற்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவள் ஜீவராணி ஒருத்திதான். அதனால் ஐந்து வருடங்களுக்கு முன் கொழும்புத் துறைமுகத்தில் அவளுக்குக் கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள். கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கயிற்றேணியில் ஏறுவாள். கப்பலை மலைக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டு, பின்னேரம் கொழுந்து நிறுப்பதற்குள் திரும்பிவிடுவாள்.

அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்ததுதான். ஆனால் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கும் இருநூறு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே விலாசம். தபால்காரர் எல்லாவற்றையும் ஆபீஸில் கொட்டிவிட்டுப் போய்விடுவார். பெரிய கிளாக்கரின் மேசையில் ஏழு வாரம் சுகமாகத் தூங்கிவிட்டு, தவணை முடிய மூன்று நாள் இருக்கும்போது கடிதம் அவள் கைக்கு வந்தது. ஜீவராணி அழுதேவிட்டாள். தவணை தப்பினால் இனி அந்த ஏணியில் கால் வைக்க முடியாது. கொழும்புக்குப் போன் எடுத்து, சிங்களத்தில் பாதி தமிழில் பாதியாகக் கெஞ்சினாள். பரிசோதகர் நுஹ்மான் தானே வருவதாகச் சொன்னார்.

கடைசி நாள் காலையில் பாதையில் மண் சரிந்துவிட்டதால் நுஹ்மான் கப்பலில் வந்தார். முதலில் கண் பரிசோதனை. மூடுபனிக்குள் பார்த்து, எஹலியகொட கடைத்தெருப் பலகையிலிருந்த பருப்பு விலையை வாசித்த ஜீவராணி, அது போன வாரத்து விலை என்றும் சொன்னாள். பிறகு கோயில் மணியில் ஒரு கீறல்கூட விழாமல் கப்பலை நடத்திக் காட்டினாள். நுஹ்மானுக்கு மகா திருப்தி. படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர் விலாசத்தில் நின்றார். மணி மூன்றரை. நாலு மணிக்குள் முத்திரை விழாவிட்டால் பதிவேட்டில் ஏறாது.

"இது தோட்டத்துட விலாசம். உங்கட விலாசம் எங்க?"

"எங்களுக்கு அப்படி ஒண்ணு யாரும் குடுக்கலீங்க சேர். ஏழாம் லயம், நாலாம் காம்பரா. அவ்வளவுதாங்க."

அதைப் பதிவேடு ஏற்காது என்றார் நுஹ்மான். சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நின்ற கெப்டன் தன் கடல் வரைபடத்தை எடுத்து விரித்தார். மூடுபனி நாட்களில் ஜீவராணி போட்டுவைக்கும் வாசல் பல்பு அதில் வெளிச்சவீடாகக் குறிக்கப்பட்டிருந்தது, இலக்கம் அறுபத்தொன்று. கப்பல்காரர்கள் இத்தனை காலமும் அதைப் பார்த்துத்தான் வந்திருக்கிறார்கள். நுஹ்மான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, 'வெளிச்சவீடு, இல. 61, எஹலியகொட' என்று எழுதி, நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் முத்திரை குத்தினார்.

தபால்காரர் இப்போது ஆபீஸைத் தாண்டி ஏழாம் லயத்துக்கு ஏறி வருகிறார். பக்கத்துக் காம்பரா தங்கம்மா, டோஹாவிலிருக்கும் மகனிடம் 'வெளிச்சவீட்டுக்கு வலது பக்கம்' என்று எழுதச் சொன்னாள்; அந்தக் கடிதமும் தவறாமல் வந்தது. மூடுபனி ஏறினால் இப்போது பத்தாம் லயம் வரைக்கும் எல்லா வாசலிலும் பல்பு எரிகிறது. அடுத்த வரைபடத்தை எப்போது அச்சடிப்பார்கள் என்று யாருக்கும் தெரியாதே.