காலியாக இல்லாத நாற்காலி

தொழிற்சாலையில் எல்லோரும் அவளைச் சம்பளக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாருக்கு என்ன சம்பள கிரேடு, யார் குடும்பத்துக்கு எவ்வளவு மருத்துவக் காப்பீடு என்பதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பதவி மட்டும் சம்பளப் பிரிவு உதவியாளர். பிரிவுத் தலைவர் ஓய்வு பெற்ற பிறகு அவர் வேலையையும் அவளே இழுத்துப்போட்டுக்கொண்டு செய்தாள். அந்தப் பதவியைக் கேட்டபோது, சான்றிதழ் இருக்கிறதா என்றார் மேனேஜர். பிடிகொடுக்காமல் பேசுவதில் மனிதர் கெட்டிக்காரர்.

சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று சம்பள நிர்வாகத் தேர்வுக்குப் பணம் கட்டினாள். இத்தனை வருஷ அனுபவம், ஊதித் தள்ளிவிடலாம் என்ற நினைப்பு. தோற்றாள். அதுவும் அவள் அன்றாடம் செய்கிற விஷயத்தில், 'வேலை மதிப்பீடு' என்ற தாளில். ஆள் யார், எவ்வளவு பழசு, யாருக்கு வேண்டியவர் என்று பார்த்துக் கிரேடு போடுவது அவள் ஆபீஸ் வழக்கம். அதையே விடையாக எழுதிவைத்திருந்தாள். ஆளைப் பார்க்காதே, வேலையை மட்டும் எடைபோடு என்றது பாடப்புத்தகம். அவமானமாக இருந்தது. அந்த வாரமே மறுதேர்வுக்குப் பதிவு செய்தாள்.

கணவனுக்குப் பொறுக்கவில்லை. "எதுக்கும்மா இந்தத் தலைவலி? அந்தக் காகிதம் இல்லாமயே நீதான எல்லாத்தையும் பாக்குற?"

"நான் என்ன பாக்குறேன்னு எனக்கே எடுத்துச் சொல்லத் தெரியலையேங்க. அதுக்குத்தான் படிக்கிறேன்."

இந்த முறை தேறினாள். மேனேஜர் கைகுலுக்கி, சந்தோஷம் என்றார். அதோடு சரி. சான்றிதழ் வந்தும் எதுவும் மாறவில்லை, பதவிப் பேச்சையே காணோம். ஆனால் அவள் விடுவதாக இல்லை. அந்த வருஷம் ஒவ்வொரு வேலைக்கும் கிரேடு போட உட்கார்ந்த கமிட்டியில், படித்த முறையிலேயே மதிப்பிடலாம் என்று பேசிச் சம்மதிக்கவைத்தாள்.

பெயரும் பதவியும் இல்லாமல், ஒவ்வொரு வேலையிலும் என்னென்ன செய்யவேண்டும் என்பதை மட்டும் வாசித்தாள். கமிட்டியில் மூன்று பேர், மேனேஜரையும் சேர்த்து. ஒரு வேலைக்கு மூவருமே தாராளமாக மதிப்பெண் போட்டார்கள். தொழிற்சாலை முழுக்கச் சம்பளம் நிர்ணயிப்பது, சங்கத்துக்குப் பதில் சொல்வது, காப்பீட்டுக் கம்பெனியோடு மல்லுக்கட்டுவது.

மேனேஜர் சிரித்தார். "இது பிரிவுத் தலைவர் வேலைதானம்மா? அந்த நாற்காலிதான் காலியா கெடக்கே."

"காலியா இல்ல சார். அதுல நான்தான் உக்காந்திருக்கேன். உதவியாளர் கிரேடுல."

தன் கையால் போட்ட மதிப்பெண்ணை அவர் இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். மற்ற இருவரும் பிரிவுத் தலைவர் கிரேடை அவள் பெயருக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்கள். அவரும் போட்டார்.