மாமனாருக்குத் தெரிந்த ஒரே ஆங்கிலம்

மாமனாருக்குத் தெரிந்த ஆங்கிலம் ஒரே ஒரு சொல்: ரன். நாற்பது வருடம் தச்சுப் பட்டறையில் இழைப்புளியைத் தள்ளிக்கொண்டே ரேடியோவில் கிரிக்கெட் கேட்டதில் காதோடு ஒட்டிக்கொண்டது. படியேறும்போது மயங்கி விழுந்து இடுப்பெலும்பில் விரிசலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். தமிழ் தெரியாத டாக்டரம்மா ஆங்கிலத்தில் பேசுவதைத் தமிழில் சொல்லும் வேலை மருமகள் தலையில் விழுந்தது. கப்பல் சரக்கு ஆபீசில் நாள் முழுக்க ஆங்கிலக் கடிதம் எழுதுகிறவள். இதெல்லாம் ஒரு வேலையா என்றுதான் வந்திருந்தாள்.

டாக்டரம்மாவின் முதல் வாக்கியத்திலேயே பெரியவர் கண்ணைத் திறந்தார்.

"ரன்னுன்னாங்களே. இந்த இடுப்பை வச்சுக்கிட்டு ஓடணுமாம்மா?"

"இல்ல மாமா. உங்களுக்குக் காய்ச்சல் அடிக்குதாம்."

அடுத்த வாக்கியத்திலும் ரன். "ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ணப் போறாங்களாம்." அதற்கடுத்ததிலும் ரன். "அந்த வலி மாத்திரை தீந்துபோச்சாம். வேற தர்றாங்களாம்."

"மூணு ரன் ஆச்சு. நீ மூணுக்கும் மூணு கதை சொல்றே. உன் இஷ்டத்துக்கு அடிச்சு விடுறியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே திகைப்பும். தினமும் எழுதித் தள்ளும் சொல்தான். அதற்குள் இத்தனை பேர் குடியிருப்பதை இன்றுவரை அவள் எட்டிப் பார்த்ததே இல்லை. தமிழிலும்தான் பொழுது ஓடுகிறது, படம் ஓடுகிறது, மனசில் ஏதேதோ ஓடுகிறது. எவ்வளவு பெரிய விஷயத்தை வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது கை ரோமம் சிலிர்த்தது.

அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டாள். டாக்டரம்மா ஈசிஜி தாளைப் பார்த்துக்கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்டபோது, வாயில் வந்ததை அப்படியே சொல்லிவிட்டாள்.

"இது உங்க குடும்பத்துல ஓடுதான்னு கேக்குறாங்க மாமா."

பரம்பரையாக வருகிறதா என்பதைத் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியவர் சிரிக்கவில்லை.

"ஓடும்போதுதாம்மா," என்றார். "என் தம்பி ஓடும்போதுதான் விழுந்தான். பதினாறு வயசு. பள்ளிக்கூட மைதானத்துல. எங்கப்பா பஸ்ஸைப் பிடிக்க ஓடுனவரு, படிக்கட்டுல கால் வைக்கல."

காலையில் நர்ஸ் படிவத்தோடு வந்து, குடும்பத்தில் யாருக்காவது இதய நோய் உண்டா என்று கேட்டபோது இல்லை என்றே எழுதச் சொல்லியிருந்தார். நோயாளி என்று யாரையும் அவர் வீட்டில் சொன்னதில்லை. நன்றாக இருந்தவர்கள் போய்விட்டார்கள், அவ்வளவுதான். தம்பி ஒருவன் இருந்தது மகனுக்கே தெரியாது.

அவள் சொல்லச் சொல்ல டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மகனுக்கு என்ன வயது, என்ன செய்கிறான் என்று கேட்டார். முப்பத்தெட்டு, வாராவாரம் ஃபுட்பால் ஆடுகிறான்.

அவள் வராந்தாவுக்கு வந்து கணவனுக்கு போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"கிரவுண்டுக்குக் கிளம்பிட்டேன்."

"போகாதீங்க. நேரா இங்க வாங்க. மெதுவா நடந்து வாங்க."

மறுநாள் இருவருக்கும் எடுத்த ஸ்கேனில் அவன் இதயத்தின் சுவர் தடித்திருந்தது தெரிந்தது. அப்பாவுக்குத் தடித்திருந்த அதே இடத்தில். பத்து நாளில் அவன் தோள்பட்டைக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு கருவி வைத்தார்கள். இதயம் நின்றால் தட்டி எழுப்பும் என்றார்கள்.

அவள் கண்ணை விட்டு அகலாதது அந்த ஸ்கேன் திரைதான். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில், முப்பத்தெட்டு வருடமாக ஒரு நொடியும் உட்காராத ஒன்று, திறந்து மூடித் திறந்து மூடி, தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி அவள் மூச்சு விட மறந்து நின்றாள்.