அடுத்த பகுதி தானாக ஓடும்

இந்த ரிமோட்டைச் செய்தவன் மட்டும் கையில் கிடைத்தால் டிரைவர் அவனை என்ன செய்திருப்பார் என்று சொல்ல முடியாது. எண்களே இல்லாத ரிமோட் அது. நாலு பக்கம் அம்புக்குறி, நடுவில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். கேபிள் இருந்த காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு மூன்று எண்ணைத் தட்டிச் செய்திக்குப் போய்விடுவார். முப்பது வருஷமாக நெரிசலில் பஸ் ஓட்டிய கை அது. இன்றைக்கு ஒரு விரல் நீளச் சாமானை ஓட்டத் தெரியாமல் சோபாவில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

வழக்கமாக மனைவிதான் எல்லாவற்றையும் போட்டு வைப்பாள். இன்று ஞாயிறு சாயங்காலம் நாலரை மணிக்கு, வேலை பார்க்கும் மருந்துக் கடையிலிருந்து போன் செய்தாள். "என்னங்க, நான் வர கொஞ்சம் லேட்டாகும். நீங்களே போட்டு வைங்க. ஒண்ணும் கஷ்டமில்ல."

ஒண்ணும் கஷ்டமில்லையாம்! அம்பை ஒரு தடவை அழுத்தினால் மூன்று கட்டம் தாண்டிக் குதிக்கிறது. தேடலாம் என்று போனால் எழுத்துகளைக் கடை விரித்த மாதிரி பரப்பி வைத்திருக்கிறான். 'க' வரைக்கும் ஊர்ந்து போய், 'ப'வுக்கு நகர்வதற்குள் பொத்தான் தவறிப்போய் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்கிறது. நடுவில் கேட்காமலே ஏதோ ஒரு சமையல் நிகழ்ச்சி அலற ஆரம்பித்தது. "சும்மா இரு சனியனே" என்று டிவியைத் திட்டினார்.

இத்தனை பாடும் ஒரு மணி நேரத்துக்காக. அவருக்கு முதல் ட்ரிப் விடியற்காலை நாலரைக்கு. மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதால் இரவு ஏழரைக்கே படுத்துவிடுவார். அவள் கடையில் வேலை முடித்து வீட்டுக்கு வரும்போது மணி எட்டு. வாரத்தில் ஆறு நாள் ஒருவர் விழித்திருக்கும்போது மற்றவர் தூக்கத்தில். மகன் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு, நாள் முழுக்க இருவரும் பேசிக்கொள்வது பால் பாக்கெட்டுக்கு அடியில் வைக்கிற சீட்டில்தான். 'கேஸ் தீரப் போகுது.' 'சொல்லியாச்சு.' அவ்வளவுதான் குடும்பம்.

அந்தச் சமயத்தில்தான் மனைவியின் தம்பி வந்து, "மாமா, கேபிள்ல அவன் போடுற நேரத்துக்கு நீங்க உக்காரணும். இந்த இன்டர்நெட் டிவில நீங்க உக்கார்ற நேரத்துக்கு அது ஓடும்" என்று சொல்லி, தன்னுடைய பாஸ்வேர்டையே கொடுத்து, அதில் இவர்கள் பெயரில் ஒரு தனிக் கட்டமும் போட்டுக் கொடுத்தான். அந்த ஒரு வார்த்தையில் டிரைவர் விழுந்துவிட்டார். மறுநாளே கேபிளை வெட்டச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை மதிய ட்ரிப்பை இன்னொரு டிரைவருக்குக் கொடுத்துவிட்டு, அவருடைய விடியற்கால ட்ரிப்பைத் தான் வாங்கிக்கொண்டார். மனைவிக்கும் ஞாயிறு அரை நாள். ஐந்து மணிக்கு இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து, கப்பலில் கேப்டனைக் கொலை செய்தது யார் என்கிற கதையில் வாரத்துக்கு ஒரு பகுதி பார்க்க வேண்டும். ஒருவரை விட்டு ஒருவர் பார்க்கக் கூடாது. இதுதான் ஒப்பந்தம். அவர் மனதுக்குள், கல்யாணமான புதிதில்கூட இப்படி ஒழுங்காகச் சேர்ந்து உட்கார்ந்ததில்லை என்று ஒரு பெருமை.

ஒன்பது ஞாயிறு ஓடிவிட்டது. கதைதான் நகரவில்லை. "காட்டினதையே திருப்பித் திருப்பிக் காட்டுறான். அந்தக் கேப்டன் எத்தனை தடவதான் மாடிப்படியிலேருந்து விழுவான்?" என்று டிப்போவில் எல்லோரிடமும் குறைபட்டுக்கொள்வார். அவர் கணக்குக்கு இப்போது நாலாவது பகுதியில் இருந்தார்கள்.

ஒரு வழியாகக் கப்பல் படம் கண்ணில் பட்டது. நடுப் பொத்தானை அழுத்தினார். ஆறு பகுதிகளும் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சிவப்புக் கோடு, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும். பார்த்து முடித்ததற்கு அடையாளம் அந்தக் கோடு. அது அவருக்குத் தெரியும், மச்சான் சொல்லிக் கொடுத்திருக்கிறான். ஒன்றா இரண்டா, ஆறையும் யாரோ பார்த்து முடித்திருக்கிறார்கள்!

உடனே மச்சானுக்குப் போன் போட்டார்.

"ஏன்டா, பாஸ்வேர்டு கொடுத்துட்டா எங்க கட்டத்துல வந்து உக்காந்துக்குவியா?"

"ஐயோ மாமா, நான் எதுக்கு உங்க பேர்ல பாக்கப் போறேன்? எனக்குத் தனிக் கட்டம் இருக்கு. என்னிக்குப் பாத்ததுன்னு தேதி வரும், இருங்க." போனில் எதையோ தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான். "எல்லாமே ஞாயித்துக்கிழமை மாமா. ஒவ்வொரு வாரமும் வரிசையா மூணு நாலு ஓடியிருக்கு. உங்க வீட்டு டிவிதான்."

டிரைவர் போனை வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவர் ஏழரைக்குப் படுத்த பிறகு ஒருத்தி எழுந்து வந்து திருட்டுத்தனமாக மிச்சத்தைப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு, அடுத்த வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, "அச்சோ, இவன்தான் கொன்னிருப்பானோ?" என்று வாய் கூசாமல் கேட்டிருக்கிறாள்! ட்ரிப்பை மாற்ற அந்த இன்னொரு டிரைவரிடம் பல்லிளித்து நின்றது ஞாபகம் வந்தது. அழுகையா கோபமா என்று அவருக்கே தெரியவில்லை.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்ததும் வராததுமாக டிவியைக் கை காட்டினார். "இது என்ன?"

அவள் கோடுகளைப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை.

"பாத்துட்டீங்களா?"

"கொலை பண்ணது யாருன்னு உனக்குத் தெரியும்!"

"அஞ்சு வாரமாத் தெரியும்."

"வெக்கமா இல்ல? சேந்துதான் பாக்கணும்னு பேசினோமில்ல? நான் தூங்கப் போனதுக்கப்புறம்..."

"நீங்க எங்க தூங்கப் போனீங்க? இங்கதான தூங்கினீங்க." அவள் சோபாவின் நடுவைக் காட்டினாள். "அஞ்சு மணிக்குப் போட்டா அஞ்சே காலுக்குக் குறட்டை. தலை என் தோள்ல, ரிமோட் உங்க தொடைக்கு அடியில. ஒரு பகுதி முடிஞ்சா அடுத்தது அதுவா ஓடுது, நான் என்ன செய்ய? எழுந்தா நீங்க முழிச்சிடுவீங்க. மூணு மணிக்கு எழுந்திரிக்கிற மனுஷன்னு விட்டுட்டேன். மறுவாரம் நீங்க எங்க கண்ணை மூடினீங்களோ அங்கேருந்து திருப்பிப் போட்டேன். அதனாலதான் கேப்டன் விழுந்துக்கிட்டே இருக்கான்."

டிரைவருக்கு முகத்தில் அசடு வழிந்தது. "கண்ணைத்தான் மூடியிருந்தேன். காது கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு" என்று சொல்லிப் பார்த்தார். அவருக்கே எடுபடவில்லை. ஆனாலும் கோபத்தை அப்படியே விட மனம் வரவில்லை. "சரி, தூங்கினேன். அத என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பேசத்தான இந்த ஒரு மணி நேரம்?"

"பேசவா?" அவள் முதல் முறையாகக் குரலை உயர்த்தினாள். "முதலாளி பக்கத்து ஊர்ல புதுக் கடை திறக்கிறாருன்னு சொல்ல வந்தேன். நீங்க முழிச்சுக்கிட்டுதான் இருந்தீங்க. 'உஷ், கேப்டன் என்னமோ சொல்றான்'னு கையைக் காட்டினீங்க. அடுத்த வாரம் சொல்ல வந்தேன். 'கதை முடியட்டும்'னீங்க. கதை எங்க முடிஞ்சுது?"

"புதுக் கடைக்கும் உனக்கும் என்ன?"

"என்னைப் பொறுப்பா பாத்துக்கச் சொல்றாரு. மேல மாடியிலயே தங்கிக்கலாம். பதினெட்டு வருஷமா மாத்திரை எடுத்துக் கொடுத்தவகிட்ட முதல் தடவையா ஒரு கடைச் சாவிய நீட்டியிருக்காங்க. இன்னிக்கு அதுக்குத்தான் லேட். ஒண்ணாம் தேதி சேர்றேன்."

டிவியில் கப்பல் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ரிமோட்டைச் சோபாவில் வைத்தார்.

"ஞாயித்துக்கிழமை?"

"ஞாயித்துக்கிழமைதான் அங்க கூட்டம். எனக்கு லீவு புதன்கிழமை."

புதன்கிழமை அவர் விடியற்காலையிலிருந்து சாயங்காலம் வரை ரோட்டில் இருப்பார். அது அவளுக்கும் தெரியும்.

"என்னைக் கேக்காம எப்படி ஒத்துக்கிட்ட?"

"கேட்டேங்க. மூணாவது வாரம் காதுகிட்டயே வந்து கேட்டேன். போகட்டுமான்னு. 'ம்'னு சொன்னீங்க."

"அடிப்பாவி, தூக்கத்துல முனகினதா இருக்கும்! அதப் போய் சம்மதம்னு எடுத்துக்குவியா?"

"இருபத்தாறு வருஷமா முழிச்சுக்கிட்டிருக்கும்போதும் அந்த 'ம்' மட்டும்தாங்க சொல்லியிருக்கீங்க" என்றாள் அவள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, டீ போட உள்ளே போனாள்.