கல்லுக்குள் நாற்பது நிமிடம்

பிரிக்ஃபீல்ட்ஸில் லோகேஸ்வரியின் பூக்கடை வாசலில், நடைபாதைக் கல்லுக்கு அடியில் ஆராய்ச்சி மாணவி தாரா புதைத்திருந்த தட்டு ஒரு பிஸ்கட் அளவுதான். வெயிலின் சூடு கல்லுக்குள் இறங்கும்போது தட்டின் மேல்பக்கம் அடிப்பக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுடும். அந்தச் சின்ன வித்தியாசத்தைத் தட்டு மின்சாரமாக்கிக் கம்பி வழியே அனுப்பும். நகரத்துத் தரை எவ்வளவு சூட்டைக் குடிக்கிறது என்று அதை வைத்தே சொல்லிவிடலாம்.

ஆனால் தினமும் இரண்டு நாற்பதுக்கு எண் மைனஸுக்குப் போனது. கொளுத்தும் வெயிலில் சூடு கீழே போகாமல் மேலே ஏறுகிறதாம்!

"தட்டு கெட்டுப் போச்சும்மா. இன்னிக்கு நாலு மணிக்கு நானே வரேன், தோண்டி எடுத்துடலாம்," என்று காலையில் போனில் சொன்னார் அவளுடைய பேராசிரியர் சுகுமாறன். எட்டு மாத அளவீடு மொத்தமும் குப்பைக்குப் போகும். ஒரு வாரமாக தாரா சரியாக இரண்டு நாற்பதுக்கு வந்து பார்த்துவிட்டாள். காய்ந்த கல்லைத் தவிர அங்கே ஒன்றுமில்லை.

இன்று கடப்பாரையோடு இரண்டு மணிக்கே வந்தாள்.

"என்ன லா, ரோட்டுக்குக் காய்ச்சல் பாக்குற டாக்டர், இன்னிக்கு ஆபரேஷனா?" என்று சிரித்த லோகேஸ்வரி, மல்லிகை இருந்த ஐஸ் பெட்டியைச் சாய்த்து உருகிய தண்ணீரை வாசலில் கொட்டினாள். கல் கறுத்தது. கால் மணி நேரத்தில் பழையபடி வெளுத்தது.

"ஆன்டி, தினமும் ஊத்துவீங்களா?"

"பின்னே? சாயந்தரப் பூ வர்றதுக்குள்ள பெட்டி காலியாகணும்."

தாரா தலையில் கை வைத்தாள். கல்லுக்குள் சூடு எறும்பைவிட மெதுவாக நடக்கும் என்று படித்தவள்தானே அவள்! மேலே நடப்பது தட்டுக்குத் தெரிய நாற்பது நிமிடம் ஆகும். இவளோ தண்ணீர் காய்ந்த பிறகு வந்து தேடியிருக்கிறாள்.

"இன்னொரு பெட்டி இருக்கா ஆன்டி?"

மூன்று பத்துக்கு அதையும் ஊற்றினார்கள். சொன்னதைவிடச் சீக்கிரமாகவே சுகுமாறன் வந்தபோது கல் காய்ந்து சுட்டது. தட்டின் எண்ணைக் காட்டும் தாராவின் மடிக்கணினித் திரையையே மூவரும் பார்த்தார்கள். முப்பது. பன்னிரண்டு. மூன்று ஐம்பதுக்கு, மைனஸ் நாலு.

மேலே அனல். காலடியிலோ, எப்போதோ குளிர்ந்துபோன கல்லைத் தேடி, ஆழத்தில் கிடந்த சூடு திரும்பி வந்துகொண்டிருந்தது. தாராவுக்குப் புல்லரித்தது. சுகுமாறன் கண்ணாடியைக் கழற்றினார்.

"கடப்பாரைய கார்ல போடும்மா."

"நான் ஊத்துனத இந்தக் கல்லு நாப்பது நிமிஷம் ஞாபகம் வச்சிருக்கா?" லோகேஸ்வரி குனிந்து கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "எங்க வீட்டுக்காரருக்கு நாலு நிமிஷம்கூட நிக்காது லா."