பாலத்தில் நின்ற மேளம்

லிட்டில் இந்தியாவில் மாலை வாங்கிக்கொண்டு பினாங்குப் பாலத்தில் ஏறும்வரை லோகேஸ்வரி வாயே திறக்கவில்லை. பாகான் டாலாம் அம்மன் கோயில் திருவிழாவுக்குத்தான் அவளும் மகனும் போகிறார்கள். வருடா வருடம் உருமி மேளம் அடித்ததும் அவளுக்கு அருள் வரும். ஊரே வரிசையில் நின்று வாக்குக் கேட்கும். இரண்டு வருடமாக வரவில்லை. மேளம் கிழிய அடித்தும் வேப்பிலையைப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றாள். இன்று கோயில் தலைவர் அய்யாக்கண்ணுவிடம், "என் எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க" என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்திருந்தாள்.

காரை ஓட்டிய மகன் கிஷனுக்கு என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியவில்லை. பாலத்தின் நடுவில் ஜாம். அமைதி தாங்காமல் பாட்டைப் போட்டான். ஒரு மாதமாக அவன் விடாமல் கேட்கும் ஆல்பம், 'நைன் சேர்ஸ்'. அமெரிக்காவில் ஒன்பது பேர் கொண்ட ஹிப் ஹாப் கூட்டம், ஒரே வீட்டில் தங்கிப் பதிவு செய்தது. கதவு சாத்தும் சத்தமும் யாரோ பாத்திரம் கழுவும் சத்தமும் பாட்டுக்குள்ளேயே கேட்கும். வார்த்தைகளில் பாதி அவனுக்குப் புரியாது. பனி பெய்யும் நாட்டு நாவலைத் தமிழில் படிக்கும்போது, வாயில் நுழையாத தெருப் பெயர்களை மெதுவாகச் சொல்லிப் பார்ப்பானே, அந்த மாதிரிதான் இதையும் கேட்டான்.

ஏழாவது பாட்டு தொடங்கியது. முதலில் குரலே இல்லை. ஈரத் துணியை முறுக்குவதுபோல் இழுத்து இழுத்து ஒரு தோல் சத்தம் மட்டும்.

"அந்த ஏசியக் கொஞ்சம்..." என்ற அம்மாவின் குரல் பாதியில் நின்றது. தலை சாய்ந்தது. முழங்கால்கள் ஆடின. மாலைப் பை சரிந்து பூவெல்லாம் கால்மிதியில் கொட்டியது. தொண்டையிலிருந்து அந்தப் பழைய உறுமல் வந்தது.

கிஷன் பயந்துபோய்ப் பாட்டை நிறுத்தினான்.

நிறுத்திய பிறகுதான் உறைத்தது. வந்தது யாரென்று கேட்டு, அது பேர் சொல்லும்வரை மேளம் நிற்கக் கூடாது. அப்பா போன பிறகு அம்மாவைத் தாங்கிப் பிடித்து அந்தக் கேள்வியைக் கேட்பவனே அவன்தான்.

லோகேஸ்வரி கண்ணைத் திறந்தாள். "யாருடா மேளத்த நிப்பாட்டுனது?"

"மேளம் இல்லம்மா. பாட்டு."

"நம்ம கோயில் உருமி அடிக்கிற கோகுலன் செட்டா?"

"இல்லம்மா. அமெரிக்காக்காரனுங்க."

"வெளையாடாத லா."

"சத்தியமா. கெட்ட வார்த்தலாம் வரும்."

பின்னால் லோரிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் திரும்பவே இல்லை. "அப்ப வந்தது யாரு? நம்ம ஆத்தாவா, அவனுங்க ஊரு ஆளா?"

"அவங்க வரணும்னா பாஸ்போர்ட் வேணுமேம்மா."

அவள் சிரிக்கவில்லை. "பேரு தெரியாத ஒண்ண ஒடம்புல வெச்சிக்கிட்டு ஆத்தா முன்னால எப்பிடிடா நிப்பேன்?"

கோயிலுக்குப் பின்னால் காரை நிறுத்தியதும் அவள் கால் கழுவப் போனாள். கூடாரத்தின் ஓரத்தில் உருமிக் குழுத் தலைவன் கோகுலன் தே தாரேக் டீ குடித்துக்கொண்டிருந்தான். கிஷன் அவனைக் கூப்பிட்டு, பாலத்தில் நடந்ததைச் சொல்லிப் பாட்டைச் சன்னமாக வைத்தான்.

கோகுலன் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கேட்டான். "நம்ம அடி மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு. எங்கேருந்து எடுத்தானுங்க?"

"தெரியலண்ணே."

"நம்மளுதுன்னா கேஸ் போடலாம் லா."

"நம்மளுது இல்லன்னா?"

"அப்ப ஒங்கம்மாவுக்கு எப்பிடிடா ஏறுச்சு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மேளத்தைத் தூக்கிக்கொண்டு போனான்.

லோகேஸ்வரி திரும்பி வந்து காருக்குள் உட்கார்ந்தாள். "மறுபடி போடு. இந்தத் தடவ நிப்பாட்டாத. கேள்வியக் கேளு."

கிஷன் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுப் பாட்டைப் போட்டான். தோல் சத்தம் இழுத்தது. அவளுடைய முழங்கால் ஆடியது. அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"வந்திருக்கறது யாரு தாயே? பேரச் சொல்லு!"

அவள் வாய் திறப்பதற்குள் ஸ்பீக்கர் திறந்துகொண்டது. அந்தப் பாட்டில் ஒன்பது பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் பேரைச் சொல்லிவிட்டுத்தான் பாடவே தொடங்குவார்கள். ஆல்பத்திலேயே கிஷனுக்கு மிகவும் பிடித்த இடம் அது. இப்போது ஒவ்வொரு பேருக்கும் அம்மாவின் தலை அசைந்தது. ஆமாம் என்கிறாளா? இல்லை, வந்தவர்களை வரவேற்கிறாளா?

ஒன்பதாவது பேரும் முடிந்தது. அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை அம்மாவுடையது அல்ல.

"எல்லாரும் சொல்லிட்டாங்க. நீ யாரு?"

கிஷன் வாயைத் திறந்தான். தொழிற்சாலையில் சட்டையில் குத்திக்கொள்கிற பேர், ஆஸ்பத்திரியில் கூப்பிடுகிற பேர், எதுவும் நாக்குக்கு வரவில்லை. உன் மகன் என்றாவது சொல்லலாம். ஆனால் யாருடைய மகன்?

அவள் காத்திருக்கவில்லை. கதவைத் திறந்து, வெறுங்காலுடன் கூடாரத்தைப் பார்த்து நடந்தாள். கோகுலனின் குழு அடிக்கத் தொடங்கியது. கூட்டம் விலகி வழிவிட்டது. "ஆத்தா வந்துட்டா!" என்று ஒருத்தி கத்தினாள். கற்பூரத் தட்டுடன் ஓடிவந்த அய்யாக்கண்ணு, பின்னால் வந்த கிஷனைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, பேரு கேட்டியா?"

"கேட்டேன்யா."

"யாராம்?"

திறந்து கிடந்த காரிலிருந்து பாட்டு இன்னும் வந்துகொண்டிருந்தது. கோகுலனின் அடியோடு அது கலந்ததில் எது மேளம், எது பாட்டு என்று பிரிக்க முடியவில்லை.

"அவங்க இன்னும் சொல்லலய்யா," என்றான் கிஷன். "என்னோடதக் கேக்குறாங்க."